பாதி காய்ந்த வடகம்: உங்கள் வீட்டில் திருடியது யார்?

காவிரிக்கரையாள் (இழையைத் தொடங்கியவர்)

மாசி கடைசியிலிருந்தே கடைகளில் வடகப் பொட்டலங்களை அடுக்கி வைத்துவிடுகிறார்கள். கூழ் வடகம், ஜவ்வரிசி, ஓமப்பொடி, தக்காளி, பிரண்டை, எதைக் கேட்டாலும் இருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்காதது பாதி காய்ந்த வடகம் ஒன்றுதான். காலையில் பிழிந்தது மதியம் இரண்டு மணிவாக்கில் மேலே தோல் இறுகி, உள்ளே இன்னும் கூழாகவே, துணியை விட்டு வராமல் அடம்பிடிக்குமே, அதைச் சொல்கிறேன். பிய்த்து வாயில் போட்டால் உப்பும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தனித்தனியாகத் தெரியும். கூடவே தாத்தாவின் பழைய வேட்டி நூல் ஒன்றும் நாக்கில் வரும். பொரித்த வடகம் எனக்குப் பிடிக்கும், சரி. ஆனால் கனவில் வருவது இதுதான்.

கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. வடகம் போடும் நாளில் பாட்டி விடிவதற்கு முன்பே உருளியை ஏற்றிவிடுவாள். கொதிக்கிற தண்ணீரில் ஊறிய ஜவ்வரிசி, அது வெந்ததும் பச்சரிசி மாவைக் கரைத்து விட்டுத் துடுப்பால் கிண்டுவது, அரைத்த மிளகாய், உப்பு, பெருங்காயம். இறக்கிய பிறகுதான் எலுமிச்சம்பழம். உப்பை எப்போதும் கொஞ்சம் குறைத்தே போடுவாள். காய்ந்து சுருங்கினால் உப்பு தூக்கிக் காட்டும் என்பது அவள் கணக்கு. கையை நனைத்துக்கொண்டு கூழைத் தொட்டுப் பார்ப்பாள், ஒட்டவில்லை என்றால் பதம். வெயில் ஏறுவதற்குள் மாடியில் எல்லாம் பிழிந்து முடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு வேலை காக்காய் ஓட்டுவது. கறுப்புக் குடையை விரித்து நடுவில் வைத்துவிட்டு, கையில் ஒரு குச்சியோடு தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருப்போம். காவலுக்கு வைத்தவர்களே திருடினால் யார் என்ன செய்ய முடியும்? ஓரத்து வரிசையில் எடுத்தால் தெரிந்துவிடும். நடுவில் எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டும். என் அண்ணன் இதில் தேர்ந்தவன்.

இப்போது சென்னையில் அடுக்குமாடி வீடு. மாடியில் பாதி இடத்தைச் சூரியத் தகடுகள் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதிக்குப் பூட்டு, சாவி சங்கத்துச் செயலாளரிடம். துணி உலர்த்தவே அனுமதி இல்லை, வடகத்துக்கு எங்கே போவது? மேற்குப் பார்த்த பால்கனி ஒன்று இருக்கிறது. அதில் போட்டால் காயுமா என்று அனுபவசாலிகள் சொல்லுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் எதைத் திருடினீர்கள் என்பதையும்.

பொருநைக்காரன்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் கூழ் வத்தலுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. ஆச்சிக்குக் காய் வத்தல்தான் முக்கியம். சீனியவரைக்காய், சுண்டக்காய், மிதுக்கங்காய், கத்தரிக்காய், எது மலிவாக வந்ததோ அது வெயிலுக்குப் போய்விடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காய்கறி விலை ஏறும்போது அந்தப் பானைகள்தான் குழம்புக்குக் கை கொடுக்கும்.

நான் திருடியது மோர் மிளகாய். புளித்த மோரில் உப்பைப் போட்டு, கீறின மிளகாயை ஊற வைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்பவும் அதே மோர். மோர் முழுவதும் மிளகாய்க்குள் போகிற வரைக்கும் இதே நடைதான். அதற்கு நடுவில், தோல் துவண்டு வெளிறிய நிலையில் ஒன்றை எடுத்துப் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ள வேண்டும். காரம் பாதி போயிருக்கும், புளிப்பு ஏறியிருக்கும். எண்ணெயில் பொரித்துக் கறுத்த பிறகு அந்தப் புளிப்பு இருக்காது.

மேற்குப் பால்கனி பற்றி: கூழ் வத்தலை அதில் போடாதீர்கள் அக்கா. மதியத்துக்கு மேல்தான் வெயில் வரும், அதற்குள் கூழ் ஊசிப்போகும். மோர் மிளகாய் போடுங்கள். அதில் உப்பும் புளிப்பும் இருப்பதால் கொஞ்சம் தாமதத்தைத் தாங்கும்.

குட்டிச்சுவர்

காக்காய் மேல் பழி போட்டுத் தப்பித்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.

திப்பிமேடு

சேலத்துக்காரன் ஜவ்வரிசிக்காக வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன்.

ஆத்தூர் போகிற சாலையில் ஒரு சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு, பக்கத்து வீட்டில் வளர்ந்தவன் நான். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, லாரி லாரியாக வந்து இறங்கும். தோலுரித்து, அரைத்து, பாலை வடித்து, அடியில் படிகிற மாவை எடுத்து, குருணையாக உருட்டி வறுத்து, களத்தில் கொட்டிக் காய வைப்பார்கள். கண் கூசும் அளவுக்கு வெள்ளைக் களம். பால் எடுத்தது போக மிஞ்சுகிற சக்கைதான் திப்பி, மாட்டுத் தீவனம். அந்தப் புளித்த வாடை ஊருக்குப் புதிதாக வருகிறவர்களைத் துரத்தும், எங்களுக்கு மூக்கிலேயே ஏறாது. களத்தில் ஓரமாக நின்று ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவோம். சுவை என்று ஒன்றும் கிடையாது, பல்லில் நறநறக்கும். ஆனாலும் திருடுவோம்.

ஒரு விஷயம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜவ்வரிசி வடகத்தை "ஆதிகாலப் பாரம்பரியம்" என்று பொட்டலத்தில் அச்சடிக்கிறார்கள். மரவள்ளியே தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த கிழங்கு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் ஜவ்வரிசி கிழக்கே இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. போரில் அது நின்றுபோனதால்தான் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். பிறகு ஆலைகள் பெருகி, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது, 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, பாட்டி செய்தாள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் பாட்டி செய்திருப்பாளா என்றால் எனக்குச் சந்தேகம்தான், அது வெறும் அரிசிக் கூழாக இருந்திருக்கும்.

கொக்குவிலான்

நான் யாழ்ப்பாணத்தான், ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வடகத் திருட்டே நடக்கவில்லை. காரணம், அம்மம்மா போட்டது வேப்பம்பூ வடகம். உழுந்தை அரைத்து, வேப்பம்பூ, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் எல்லாம் சேர்த்துத் தட்டி, சுளகில் வைத்து முற்றத்தில் காயவிடுவா. பாதி காய்ந்ததைக் கடித்தால் அன்றைக்கு முழுக்க வாய் கசக்கும். காகம்கூடக் கிட்ட வராது. பொரித்த பிறகு அதே கசப்பு சோற்றோடு எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது வேறு கதை.

நாங்கள் களவெடுத்தது புழுக்கொடியல். தை மாசியில் பனங்கிழங்கு கிண்டி, அவித்து, இரண்டாகக் கிழித்து வெயிலில் போடுவார்கள். முழுக்கக் காய்ந்தால் அது கல்லுத்தான், கடைவாய்ப் பல்லுக்குச் சவால். இரண்டு வெயில் கண்ட பருவத்தில் எடுத்தால் இழுபடும், மெல்ல மெல்ல இனிக்கும். ஒரு தேங்காய்ச் சொட்டையும் சேர்த்துக் கடித்தால் வேறொன்றும் தேவையில்லை.

தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், ஊரில் எங்களுக்கு மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய்கூட யானை விலை. அந்தக் காலத்தில் வெயில்தான் எங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி. மீன் கருவாடானது, கிழங்கு ஒடியலானது, மோரும் மிளகாயும் ஒன்றாகி மோர்மிளகாயானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமம் பகுதி முழுக்க மழைக்குள் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது அம்மம்மா வேறெதையும் பெரிதாக எடுக்கவில்லை. வடகப் போத்தலையும் ஒடியல் மாவையும் பையில் வைத்துக்கொண்டா. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அடுப்பு மூட்டி அந்த மாவில்தான் கூழ் காய்ச்சினவ. மீன் இல்லை, நண்டு இல்லை, கிடைத்த கீரையும் புளியும்தான். அதைச் சாப்பிட்ட எல்லாருக்கும் அந்தக் கூழைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. எங்கள் குடும்பக் கலியாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது தொடங்குவார்கள்.

வேலூர்வெயில்

இவ்வளவு பேர் ரசித்து எழுதியிருக்கிறீர்கள், நடுவில் நான் வந்து கெடுக்கிறேன் என்று தோன்றலாம். பரவாயில்லை.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் கூட்டுக் குடும்பத்து மருமகளாக என் அம்மா வடகம் போட்டாள். ஒரு வீட்டுக்கு அல்ல, நாத்தனார்கள் வீடுகளுக்கும் சேர்த்து. மூன்றரைக்கு எழுந்து கூழ் கிண்டி, சுடச்சுட நாழியில் போட்டுப் பிழிய வேண்டும், ஆறினால் கூழ் இறுகி இறங்காது. உள்ளங்கை இரண்டும் சிவந்து கொப்புளம் போடும். அதன் பிறகு கீழே வந்து வழக்கமான சமையல். மாலையில் துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்து, மறுநாள் மறுபடி மாடி. கொதிக்கிற தளத்தில் செருப்பில்லாமல், ஏனென்றால் சாப்பிடுகிற பொருள் இருக்கிற இடம். வீட்டுக்கு விலக்கான நாளில் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது, வடகம் நிறம் மாறிவிடும் என்பார்கள். வருடத்தில் அம்மாவுக்கு வடக வேலையிலிருந்து கிடைத்த ஓய்வு அது ஒன்றுதான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

பொரிக்கும்போது பெரிய வடகம் ஆண்கள் இலைக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. அம்மா சாப்பிட உட்காரும்போது தாம்பாளத்தில் இருப்பது நொறுங்கல். அதைக் குழம்புச் சாதத்தில் தூவிக்கொள்வாள்.

எனக்கும் பாதி காய்ந்த வடகம் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் என் அம்மாவிடம் "அந்தக் காலம் எவ்வளவு நன்றாக இருந்தது" என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போன வருடம் அவளே சொன்னாள், "கடையில் வாங்குடி, இனிமேல் யார் வீட்டு வடகமும் எனக்கு வேண்டாம்." அவள் வாங்கச் சொல்வது சுயஉதவிக் குழுப் பெண்கள் போடுகிற வடகம். அந்தக் குழுத் திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது, இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கும் அதே வெயில்தான், அதே கொப்புளம்தான், ஆனால் கையில் காசு வருகிறது. கண்காட்சியில் அவர்களிடம் போய்ப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். மாடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து பேரம் பேசட்டும்.

பென்ஷன் பெரியவர்

வேலூர் மகளே, நீ சொன்னது நியாயம். எங்கள் வீட்டில் கொஞ்சம் வேறு மாதிரி. நாழி பிழிவதற்குத் தோள் பலம் வேண்டும் என்று என் அப்பாதான் உட்காருவார். தபால் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பித்தளை நாழியை இரண்டு கையாலும் அழுத்தி வரிசை வரிசையாகப் பிழிவார். அம்மா கூழை எடுத்து நிரப்பித் தருவாள். கிண்டுவது, உரிப்பது, பொரிப்பது எல்லாம் அவள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பிழிந்தது மட்டும்தான் தெருவுக்கே தெரியும். "உங்கள் வீட்டு வடகம் சார் கைப்பக்குவம்" என்று பக்கத்து வீட்டு மாமி புகழ்வாள், அம்மா ஒன்றும் பேச மாட்டாள்.

குட்டிச்சுவர்

பென்ஷன் ஐயா, அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு தட்டு வடகம் அனுப்ப வேண்டும். அம்மா பெயரில்.

காவிரிக்கரையாள்

வேலூர்வெயில், எங்கள் வீட்டில் மாடி ஏறியது யார் என்று யோசித்துப் பார்த்தேன். பாட்டி கீழே கூழ் பதத்தோடு சரி. மேலே நாள் முழுக்க நின்றது கல்யாணம் ஆகாத என் அத்தை. அவள் ஒன்று செய்தாள், அது வீட்டில் பலருக்குத் தெரியாது. தெருவில் நாலைந்து வீடுகளுக்குப் படிக் கணக்கில் தாளிப்பு வடகம் போட்டுக் கொடுத்து, அந்தக் காசைத் தையல் மிஷின் டிராயரில் சேர்த்து வைத்திருந்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை, விளக்கெண்ணெய். நசுக்கிக் கலந்து, பகலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி உருண்டை பிடித்து மூடி வைப்பாள். கெட்டியாகிற வரைக்கும் இதே வேலை. அந்த வாரம் முழுக்க அவள் புடவையில் வெங்காய வாசனைதான். எனக்கு அத்தை என்றால் முதலில் அந்த வாசனைதான் வரும்.

அத்தை இப்போது புதுச்சேரியில் இருக்கிறாள். அங்கிருந்து இதே சரக்கு பிரான்சுக்குப் போய், பொடியாகி, 'வடுவான்' என்ற பெயரில் சின்னப் புட்டிகளில் விற்கிறது, பெரிய ஓட்டல்களில் மீனுக்கும் ஆட்டுக்கறிக்கும் தூவுகிறார்கள் என்று சொன்னேன். விலையைக் கேட்டாள். சொன்னதும், "அப்போ என்னை நல்லா ஏமாத்திருக்கானுங்க" என்றாள். படிக்கு அவள் வாங்கிய காசு அப்படி.

அடுப்படி ஆராய்ச்சி

பால்கனிக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பொருநைக்காரரைத் தவிர எல்லாரும் அதை விட்டுவிட்டீர்கள்.

வடகம் பொரிவது எப்படி என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கூழ் வேகும்போது மாவுச்சத்துத் தண்ணீரை இழுத்து ஊதிப் பசையாகிறது. காயும்போது அந்தப் பசை கெட்டிப்பட்டுக் கண்ணாடித் தன்மைக்கு வருகிறது, உள்ளே மிகக் கொஞ்சம் ஈரம் மாட்டிக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்த எண்ணெயில், ஏறக்குறைய 180 டிகிரி செல்சியசில், போட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, இளகுகிற மாவை உள்ளிருந்து தள்ளி ஊத வைக்கிறது. கூழ் சரியாக வேகாவிட்டால் ஊதாது. ஈரம் அதிகம் இருந்தால் வடகம் சரியாக ஊதாமல் நடுவில் கடுக்கென்று நிற்கும். எண்ணெய் சூடு போதாவிட்டாலும் இதே கதிதான், எண்ணெயையும் குடிக்கும்.

சென்னையில் எதிரி நிழல் அல்ல, கடற்கரை ஈரக்காற்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும், மேற்குப் பால்கனியில் வெயில் வருவதும் அப்போதுதான். அதனால் கூழ் வடகத்தை மெல்லியதாகத் தட்டில் ஊற்றி, காலையில் மின்விசிறிக் கீழே மேல்தோல் இறுகும் வரை வைத்துவிட்டு, வெயில் வந்ததும் வெளியே தள்ளுங்கள். மேலே கொசுவலைத் துணி. தடியாக முறுக்குப் பிழிவதைத் தவிருங்கள், உள்ளே காயாமல் பூஞ்சை பிடிக்கும். அக்னி நட்சத்திரம் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். மே மாதத்தில் திடீர் மழையும் புழுதியும் உண்டு. பங்குனியிலேயே முடித்துவிடுங்கள்.

புக்கிட் பாத்தோக்

சிங்கப்பூரில் எங்களுக்கு வெயிலும் உண்டு, மழையும் உண்டு, பெரும்பாலும் ஒரே நாளில். ஈரப்பதத்தைக் கேட்கவே வேண்டாம். நான் காய்கறி உலர்த்தும் மின்சாரப் பெட்டி ஒன்று வாங்கி அதில் ஜவ்வரிசி வடகம் போடுகிறேன். நன்றாகக் காய்கிறது, நன்றாகப் பொரிகிறது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டியில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளைகளுக்கு அதில் வேலையே இல்லை. என் மகளுக்கு வடகம் என்றால் அது ஓர் இயந்திரத்தின் 'டிங்' சத்தம். அதனால் ஒரு தட்டை மட்டும் வேண்டுமென்றே பாதியில் வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவேன். வந்து பார்த்தால் நடுவில் இரண்டு மூன்று இருக்காது. பக்கத்தில் இருப்பதை நகர்த்தி வைக்கும் நுணுக்கம் இன்னும் அவளுக்கு வரவில்லை.

குட்டிச்சுவர்

காவிரிக்கரை அக்காவின் அண்ணனிடம் டியூஷன் அனுப்புங்கள்.

வேலூர்வெயில்

சிரித்துவிட்டேன். சரி, எனக்கும் ஒரு சந்தேகம். வாங்கி வைத்த வடகம் ஆடி ஆவணிக்குள் நமுத்துப் போகிறது. பிளாஸ்டிக் டப்பாதான், மூடியும் இறுக்கம். என்ன செய்வது?

பொருநைக்காரன்

டப்பாவில் போடுவதற்கு முன்னால் சூடு ஆறியிருக்க வேண்டும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஆச்சி மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்து மறுபடி ஒரு வெயில் காட்டுவாள், புழு வைக்காமல் இருக்கவும் அதுதான் வழி. எடுக்கிற கை ஈரமாக இருக்கக் கூடாது.

திப்பிமேடு

ஜவ்வரிசி வடகமானால் வாங்கும்போதே ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஜவ்வரிசி வேகாமலே ஊற்றியிருக்கிறார்கள். அதை எத்தனை வெயில் காட்டினாலும் பிரயோஜனம் இல்லை.

காவிரிக்கரையாள்

முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் வெள்ளோட்டம், கால் படி அரிசி மட்டும். கூழ் கிண்ட வீட்டுக்காரர், பிழியப் பையன், நான் காக்காய்க் காவல். பழைய வேட்டி இல்லை, பருத்தித் துப்பட்டா இருக்கிறது. கால் படிக்குப் பச்சை மிளகாய் எத்தனை என்று மட்டும் யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

பென்ஷன் பெரியவர்

அம்மா ஏழெட்டுப் போடுவாள். இப்போது வருகிற நீள மிளகாயில் காரம் இல்லை, பத்தாகவே போடு. துப்பட்டா சாயம் போகாததா என்று முதலில் நனைத்துப் பார். கட்டிப் பெருங்காயமானால் முந்தின ராத்திரியே தண்ணீரில் போட்டுவிடு அம்மா.